சனிக்கிழமை தனியாக, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக: வார இறுதி சைக்கிள் ரேஸுக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்பவை

சென்னையில் ஈசிஆர், கோவையில் ஆனைகட்டிச் சாலை, பெங்களூரில் நந்தி மலை என்று விடியற்காலையில் ரோடு பைக் (மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார் உள்ள வேக சைக்கிள்) ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ‘ஒரு ரேஸுக்குப் பெயர் கொடுத்துப் பார்க்கலாமே’ என்று தோன்றும். தோன்றியதும் கேள்விகள் வரும். அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. ரேஸுக்கு ரேஸ் விதிகள் மாறும். ஏற்பாட்டாளர் அனுப்பும் விதித்தாள்தான் கடைசி வார்த்தை. அதைப் படிக்காமல் யாரும் தொடக்கக் கோட்டில் நிற்கக் கூடாது.

வார இறுதி ரேஸ் என்றால் இரண்டு நாளில் என்னென்ன நடக்கும்?

சனிக்கிழமை காலை டைம் டிரயல். 30 விநாடி அல்லது 1 நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். 20 முதல் 40 கிலோமீட்டர் இருக்கும். யார் பின்னாலும் ஒட்டிக்கொள்ள முடியாது; நீங்களும் கடிகாரமும்தான். ஞாயிற்றுக்கிழமை மாஸ் ஸ்டார்ட். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பி, முதலில் வருகிறவர் ஜெயிப்பார். சில இடங்களில் இரண்டாம் நாள் மலையேற்றமாக இருக்கும். சில இடங்களில் கிரிட்டீரியம் வைப்பார்கள்: ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்ப அடிப்பது.

பெயர் கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கும் தனித்தனிப் பரிசா, இல்லை நேரத்தைக் கூட்டி ஒட்டுமொத்தப் பரிசா? கூட்டல் கணக்கு என்றால் ஞாயிறு ஓட்டும் விதமே மாறிவிடும். ஒரே கூட்டமாகக் கோட்டைத் தாண்டுகிறவர்களுக்கு வழக்கமாக ஒரே நேரம்தான் போடுவார்கள். அப்போது சனிக்கிழமை கிடைத்த 20 விநாடி முன்னிலையை ஞாயிறு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

200 கிலோமீட்டர் பிரெவே முடித்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் ரேஸ் எனக்குச் சுலபம்தானே?

இல்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் முதல் பத்து கிலோமீட்டரிலேயே கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

பிரெவே என்பது நேர வரம்புக்குள் முடித்தால் போதும் என்ற நெடுந்தூர ஓட்டம், போட்டி அல்ல. 200 கிமீ பிரெவேக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். டீக்கடையில் நின்று போண்டா சாப்பிட்டுவிட்டுக்கூட முடிக்கலாம். ஒரே சீராக, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் ஓட்டும் திறமை அது. ரேஸில் சீர் என்பதே கிடையாது. மணிக்கு 33 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும் கூட்டம், யாரோ ஒருவர் பிரிந்து ஓடத் திடீரென்று வேகமெடுத்ததும் 46க்குப் பாயும், அரை நிமிடம் அப்படியே இருக்கும், பிறகு 30க்கு இறங்கி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த அரை நிமிடத்தைத் தாங்கினால் ரேஸில் இருக்கிறீர்கள். தாங்காவிட்டால் மீதி தூரம் தனியாகத்தான்.

அதனால் பயிற்சியும் வேறு. வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம் இருக்கட்டும். இன்னொரு நாள், நன்றாகச் சூடேறியபின் 40 விநாடி முழு வேகம், 20 விநாடி லேசு என்று எட்டுப் பத்து முறை. கொஞ்சம் ஓய்வு விட்டு இன்னொரு தடவை அதே மாதிரி. இது பிடிக்காத பயிற்சிதான். ரேஸும் இப்படித்தான் இருக்கும்.

ரோடு பைக் இல்லை, ஹைப்ரிட் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக. நம் பக்கத்து ரேஸ்கள் பலவற்றில் ஹைப்ரிட்டுக்கும் (நேர் ஹேண்டில்பார் உள்ள பொதுப் பயன்பாட்டு சைக்கிள்) எம்டிபிக்கும் (மலைப்பாதை சைக்கிள்) தனிப் பிரிவு உண்டு. கியரே இல்லாத சைக்கிளில் நாம் பார்க்காத ரேஸா? செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டியில் இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை அதில்தான் பறக்கிறார்கள். இன்று ரோடு பைக்கில் முன்னால் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார்.

எந்த சைக்கிளாக இருந்தாலும் முந்தின நாள் இவற்றைப் பாருங்கள்: பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, சக்கரத்தைப் பூட்டும் நெம்புகோலான குயிக் ரிலீஸ் இறுகியிருக்கிறதா, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் அடைப்பான் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். திறந்த அலுமினியக் குழாய், விழும்போது உங்களையோ அடுத்தவரையோ குத்தி எடுத்துவிடும். சோதனையில் இதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். மட்கார்டு, பெல், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சக்கரம் மாற்றலாமா? கார்பன் வீல் எடுத்தால் எவ்வளவு வேகம் கூடும்?

முதல் ரேஸுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு நல்ல டயரும் ட்யூபும் வாங்குங்கள். இன்னொரு பங்கில் பெடலிலும் சைக்கிளிலும் உங்கள் உடம்பு சரியாக உட்காரும்படி ஃபிட் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வங்கியிலேயே விடுங்கள்.

காற்றை மட்டும் கல்லாக அடிக்காதீர்கள். 25 மிமீ டயரில் 110, 120 பிஎஸ்ஐ அடிப்பது பழைய பழக்கம். நம் சாலைச் சொரசொரப்பில் அது சைக்கிளைத் துள்ள வைக்கும், வளைவில் பிடிமானத்தையும் குறைக்கும். 70 கிலோ ஆளுக்கு 28 மிமீ டயரில் 70 பிஎஸ்ஐ பக்கம் போதும். ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் உள்விளிம்புக் கொக்கி இல்லாதது) என்றால் 72.5க்கு மேல் போகவே கூடாது, டயர் ரிம்மை விட்டுத் தெறித்துவிடும்.

சனிக்கிழமை டைம் டிரயலை எப்படி ஓட்டுவது?

அடக்கி ஆரம்பியுங்கள். கோட்டில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணும்போதே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பில் முதல் இரண்டு கிலோமீட்டர் 42இல் போய்விடும். காலும் வலிக்காது. அதற்கான வட்டி பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வரும். முதல் ஐந்து நிமிடம் ‘இது ரொம்ப லேசாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். நடுவில் ‘இதைக் கடைசிவரை தாங்குவேனா’ என்ற சந்தேகம் வர வேண்டும். கடைசி மூன்று கிலோமீட்டரில் சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

நம் டைம் டிரயல்கள் பெரும்பாலும் ஒரே சாலையில் போய்த் திரும்புவது. காற்று ஒரு பக்கம் எதிர்க்கும், மறுபக்கம் தள்ளும். எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாக உழையுங்கள், பின்காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். காரணம் எளிய கணக்கு. 10 கிமீ எதிர்காற்றில் 30 வேகம் என்றால் 20 நிமிடம். திரும்பி வரும் 10 கிமீ 40 வேகம் என்றால் 15 நிமிடம். மொத்தம் 35 நிமிடம்; சராசரி 35 அல்ல, 34.3. மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் செலவாகிறது. சேமிக்க நேரம் இருப்பதும் அங்கேதான்.

உடம்பைத் தாழ்த்துவது காலைவிடப் பெரிய விஷயம். முழங்கை உள்ளே, தலை கீழே, பார்வை சாலையில். இதன் அருமை தெரிய 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வெர்சாய் ஊரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிமீ டைம் டிரயல். லோரான் ஃபீன்யோன் 50 விநாடி முன்னிலையோடு, தலைக்கவசம் இல்லாமல், குடுமி பறக்கக் கிளம்பினார். கிரெக் லெமாண்ட் கைகளை முன்னே நீட்டி ஊன்றும் ஏரோபாரும் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு 58 விநாடியைப் பிடுங்கினார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபின் 8 விநாடியில் பட்டம் கைமாறியது.

உங்களிடம் ஏரோபார் இருந்தால், அதில் கை வைத்தபடி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பழகிய பிறகே பூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை அதைக் கழற்றிவிட வேண்டும். மாஸ் ஸ்டார்ட்டில் அதற்கு அனுமதி இல்லை. இருக்கவும் கூடாது, பிரேக்குக்குக் கை போக நேரமாகும்.

டைம் டிரயலில் எனக்கு முன்னால் கிளம்பியவரைப் பிடித்துவிட்டால்?

கொண்டாடிக்கொள்ளுங்கள், ஆனால் தள்ளிப் போங்கள். சர்வதேசச் சங்கமான யூசிஐ விதிப்படி தாண்டும்போது பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் இடம் விட வேண்டும். தாண்டப்பட்டவர் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு 25 மீட்டராவது பின்னால் இருக்க வேண்டும். அமெச்சூர் ரேஸ்களிலும் இதையே எடுத்துக்கொள்வது வழக்கம். மோட்டார் சைக்கிளில் வரும் மார்ஷல் (ரேஸைக் கண்காணிப்பவர்) பார்த்தால் நேரத் தண்டனை. உங்களை ஒருவர் தாண்டினால் மனம் அவர் பின்சக்கரத்தையே பார்க்கும். பார்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கிளம்பும் நேரம் 6:14:30 என்றால் 6:10க்குக் கோட்டுப் பக்கம் இருங்கள். நீங்கள் கழிப்பறையில் நின்றாலும் உங்கள் கடிகாரம் 6:14:30க்கு ஓடத் தொடங்கிவிடும்.

ஞாயிறு கூட்டத்தோடு ஓட்டுவது ஏன் இவ்வளவு வேறு?

காற்றுதான் காரணம். சமதரையில் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். சராசரி உடல்வாகுள்ள ஒருவர் தனியாக 36இல் போக ஏறத்தாழ 230 வாட் வேண்டும். 40இல் போக 300 வாட்டைத் தாண்டும். வெறும் 4 கிலோமீட்டருக்கு 70 வாட். நம்மில் பலருக்கு அந்த 70 வாட் கைவசம் இல்லை.

ஆனால் ஒருவர் பின்சக்கரத்தை அரை மீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பெரிய கூட்டத்தின் நடுவில் இன்னும் குறையும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018இல் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தார்கள். நடுவிலும் பின்னிலும் சில இடங்களில் ஒருவர் மேல் விழும் காற்றுத்தடை, தனியாகப் போகிறவர் மேல் விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். நம் ரேஸில் முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள், அவ்வளவு மிச்சமாகாது. ஆனாலும் தனியாக உங்களால் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் பேசிக்கொண்டே போவீர்கள். மாஸ் ஸ்டார்ட்டில் தொடையைவிட இடம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கூட்டத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

முன்னால் மூன்றில் ஒரு பங்குக்குள். ஆனால் முதல் ஆளாக அல்ல. நாற்பது பேர் என்றால் ஐந்தாவது முதல் பன்னிரண்டாவது வரை. சொல்வது சுலபம். சும்மா இருந்தால் தானாகவே பின்னுக்குப் போய்விடுவீர்கள், ஏனென்றால் இருபுறமும் ஆட்கள் முன்னேறிக்கொண்டே இருப்பார்கள். இடத்தைக் காப்பதற்கே ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும்.

கடைசியில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். நிம்மதி யூ-டர்ன் வரைக்கும்தான். நம் ரேஸ்களில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் போய் மீடியன் இடைவெளியில் திரும்பி வருவது. அந்தத் திருப்பத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். முதல் ஆள் 38இல் வந்து, பிரேக் பிடித்து, 15இல் திரும்பி, எழுந்து நின்று மிதித்து மறுபடி 38க்குப் போகிறார். அவருக்கு அது ஒரு சாதாரண முடுக்கம். இருபதாவது ஆள் முன்னால் நெரிசல் என்பதால் அவரைவிட முன்கூட்டியே பிரேக் பிடிக்கிறார், 10க்கு இறங்குகிறார். நாற்பதாவது ஆள் ஏறக்குறைய காலை ஊன்றி நிற்கிறார். அவர் திரும்பி முடிக்கும்போது முதல் ஆள் 150 மீட்டர் போய்விட்டார். இப்போது எல்லோரும் 38இல் போக, அவர் மட்டும் 46, 48இல் தனியாகக் காற்றைக் கிழித்து ஒட்ட வேண்டும். ஒரு திருப்பத்தில் ஒட்டிவிடுவார். மூன்று திருப்பம் இருந்தால் மூன்றாவதில் விட்டுவிடுவார். ‘கால் போய்விட்டது’ என்பார் பிறகு. கால் போகவில்லை, நின்ற இடம்தான் தப்பு.

ஆகவே திருப்பம் வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முன்னேறத் தொடங்குங்கள். திருப்பத்துக்கு முன் நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள், கியரையும் இரண்டு மூன்று பல் லேசாக்கிக்கொள்ளுங்கள். மீடியன் இடைவெளியில் மணல் சேர்ந்திருக்கும். அதன் மேல் சாய்த்துத் திருப்பினால் முன்சக்கரம் நழுவும். முந்தின நாள் அந்த இடத்தை நடந்து பார்த்துவிடுவது நல்லது. டைம் டிரயலும் அதே சாலை என்றால் அங்கேயே கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கக்காற்று அடித்தால்?

ஈசிஆரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தெற்கே மாமல்லபுரம் பக்கம் போகும்போது கடல் இடப்பக்கம். வெயில் ஏறிக் கடற்காற்று எழுந்துவிட்டால் காற்று இடமிருந்து வரும். அப்போது நேர் பின்னால் ஒளிய முடியாது. முன்னால் போகிறவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளிப் போக வேண்டும். அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் என்று சாய்ந்த வரிசை உருவாகும். சாலை அகலம் முடிந்ததும் அடுத்து வருகிறவருக்கு மறைவு கிடையாது, மீடியன் ஓரமாக நூல் பிடித்தாற்போல வரிசையாக அல்லாடுவார்கள். அந்த நூலில் நீங்கள் இருந்தால் அங்கேயே போராடுவதில் பயனில்லை. உங்களைப் போல் மாட்டிக்கொண்ட நான்கைந்து பேரைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசை கட்டுங்கள். திரும்பி வடக்கே வரும்போது காற்று வலப்பக்கம், மறைவு இடப்பக்கம்.

முன்னால் போய் இழுக்காமல் பின்னாலேயே இருந்தால் திட்டுவார்களே?

திட்டுவார்கள். திட்டட்டும். முதல் ரேஸில் இருக்கும் ஒருவருக்கு நாற்பது பேரை இழுத்துக்கொண்டு போகும் கடமை எதுவும் கிடையாது. ஆனால் நாலைந்து பேர் பிரிந்து ஓடும்போது நீங்களும் அதில் இருந்தால் கணக்கு வேறு. அங்கே முறை வைத்து இழுக்க வேண்டும். ஒருவர் முறைக்கு 20, 30 விநாடி போதும். உங்கள் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டிக் காட்டாதீர்கள், அது எல்லோரையும் எரிச்சலாக்கும். இருந்த வேகத்திலேயே போய், காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பின்னால் வந்து ஒட்டுங்கள். நான்கு பேரிடமும் இழுக்க வைத்துவிட்டு, தான் ஒருமுறைகூட முன்னால் வராமல் கடைசி 200 மீட்டரில் தாண்டிப் பரிசு வாங்குகிறவரும் உண்டு. விதியில் தப்பில்லை. அடுத்த ரேஸில் அவரோடு யாரும் சேர்ந்து ஓட மாட்டார்கள், அவ்வளவுதான்.

பெரிய பயம் விழுந்துவிடுவதுதான். எப்படித் தவிர்ப்பது?

கோடு போட்டாற்போல ஓட்டுங்கள். கூட்டத்தில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் உங்களை நம்பித்தான் அரை மீட்டரில் வருகிறார். அவர் முன்சக்கரமும் உங்கள் பின்சக்கரமும் பக்கவாட்டில் உரசினால் விழுவது அவர்தான், நீங்கள் அல்ல. உங்கள் முன்சக்கரத்தை யாருடைய பின்சக்கரத்தோடும் பக்கவாட்டில் கோத்துவிடாதீர்கள். முன்னால் இருப்பவரின் சக்கரத்தையே முறைக்காமல், அவர் தோளுக்கு மேலாக மூன்று நான்கு ஆள் தள்ளிப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு நொடி பின்னால் இழுபடும். பெடலை அழுத்திக்கொண்டே எழுந்தால் அது நடக்காது. தண்ணீர் குடிப்பது கூட்டத்தின் ஓரத்தில்.

குரல் கொடுங்கள். ‘குழி’, ‘நாய்’, ‘ஸ்பீட் பிரேக்கர்’, ‘மணல்’. ஒரு சொல் போதும், உரக்க வேண்டும். சாலை முழுக்க அடைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பல இடங்களில் பாதிச் சாலைதான் நமக்கு, மறுபாதியில் லாரி வரும். நடுக்கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம் என்று விதி இருக்கும், தாண்டினால் அதைவிட மோசமானதும் நடக்கும். இறக்கத்தில் சீட்டை விட்டு இறங்கி, டாப் ட்யூப் எனும் மேல் குழாய் மேல் உட்கார்ந்து குறுக்கிக்கொண்டு போவதைப் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். 2021 ஏப்ரலிலிருந்து யூசிஐ அதைத் தடை செய்துவிட்டது.

அப்படியும் விழுந்துவிட்டால்?

முடிந்தால் சாலையை விட்டு ஒதுங்குங்கள். எழுந்ததும் சைக்கிளைப் பார்க்கத்தான் மனம் ஓடும். முதலில் தலையைப் பாருங்கள். தலைக்கவசம் விரிசல் விட்டிருந்தாலோ, தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தாலோ அன்றைய ரேஸ் முடிந்தது, ஆம்புலன்ஸில் ஏறுங்கள். ‘என்ன கிழமை, எந்த ஊர்’ என்று கேட்டால் தடுமாறுகிறவரை யாரும் சைக்கிளில் ஏற்றிவிடக் கூடாது. காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) உடைவது இந்த விளையாட்டில் சகஜம். கையைத் தூக்க முடியவில்லை என்றால் எக்ஸ்-ரே. சிராய்ப்பில் சுத்தமான தண்ணீர் ஊற்றி மண்ணை முழுக்கக் கழுவுங்கள், எரியும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை அடி வாங்கிய தலைக்கவசத்தை மறுபடி போடக் கூடாது.

பங்க்சர் ஆனால்?

அமெச்சூர் ரேஸில் பெரும்பாலும் உங்கள் ரேஸ் அதோடு சரி. டைம் டிரயலில் கடிகாரம் நிற்காது. மாஸ் ஸ்டார்ட்டில் ட்யூப் மாற்றி முடிப்பதற்குள் கூட்டம் நான்கு கிலோமீட்டர் போயிருக்கும். கிரிட்டீரியத்தில் மட்டும் சில ஏற்பாட்டாளர்கள் ஒரு சுற்று சலுகை தருவார்கள்: சரிசெய்துகொண்டு அடுத்த சுற்றில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். இருந்தாலும் ட்யூபும் பம்பும் சட்டைப்பையில் இருக்கட்டும். வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்று காத்திருப்பதைவிட அது கௌரவம்.

என்ன சாப்பிடுவது? ஜெல் வாங்க வேண்டுமா?

6 மணி ரேஸ் என்றால் 3:30க்கு எழுந்து சாப்பிடுங்கள். இட்லிக்கு மிஞ்சியது இல்லை. சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம், நாட்டுச் சர்க்கரையோ தேனோ தொட்டுக்கொள்ளுங்கள். பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் மெதுவாகச் செரிக்கும். 170 இதயத்துடிப்பில் அது தொண்டைக்கு வரும். பொங்கலும் வடையும் ரேஸுக்குப் பிறகு.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட டைம் டிரயலுக்கு வழியில் சாப்பாடே தேவையில்லை. அதைவிட நீண்டால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழகிய வயிறு 90 வரைகூடத் தாங்கும். பிதுக்கி விழுங்கும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 20 முதல் 30 கிராம் இருக்கும். ஜெல் வேண்டாம் என்றால் 750 மில்லி பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, எலுமிச்சை, கால் தேக்கரண்டி உப்பு. கூடவே ஒரு வாழைப்பழம். ஏலக்கி சின்னது, இரண்டு வேண்டும். கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது.

இளநீர் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. நம் வெயிலில் வியர்வையோடு வெளியே போவது பெரும்பாலும் சோடியம். இளநீரைக் குடியுங்கள், ஒரு சிட்டிகை உப்பு போட்டு. புதிதாக எதையும் ரேஸ் அன்று வயிற்றில் முயன்று பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை ஓட்டியபின் ஞாயிறுக்குக் கால் தேறுமா?

தேறும், மதியம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. டைம் டிரயல் முடிந்ததும் பத்து நிமிடம் லேசாக ஓட்டுங்கள். அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். மதியம் நன்றாகச் சோறு, தயிர். பிறகு படுங்கள். ‘வந்ததுதான் வந்தோம்’ என்று ஊர் சுற்றப் போவதும், ரிசல்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நிற்பதும்தான் ஞாயிறைக் கெடுக்கும். இரவு தூக்கம் வராவிட்டால் கவலை வேண்டாம், ரேஸுக்கு முந்தின இரவு யாருக்கும் சரியாக வராது.

சளி மருந்து, இன்ஹேலர், வலி மாத்திரை எடுக்கலாமா?

அமெச்சூர் என்பதால் ஊக்கமருந்து விதியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஆஸ்துமாவுக்கான சால்புடமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, எந்த எட்டு மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல் எடுக்கலாம். சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை ரேஸ் சமயத்தில் சிக்கலாகும். டிரமடால் எனும் வலி மருந்து 2024 ஜனவரியிலிருந்து போட்டியின்போது தடை. காபிக்குத் தடையில்லை, கும்பகோணம் டிகிரி காபியே குடிக்கலாம்.

பெண்களுக்கு ஆள் குறைவு என்று ஆண்களோடு சேர்த்து அனுப்புகிறார்களே?

அடிக்கடி நடக்கிறது. கோட்டில் நிற்கும் முன் ரேஸ் நடுவரான கமிஸரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்: வேறு பிரிவினரின் பின்சக்கரத்தைப் பிடித்து ஓட்டலாமா, கூடாதா? சில ரேஸில் கூடும், சில ரேஸில் தகுதி நீக்கம். கூடும் என்றால் தன் கணவர் அல்லது குழுவினர் இழுத்துக் கொடுக்க ஒருவர் ஜெயிப்பதும் நடக்கும். ஐந்து பேர்தான் என்றாலும் தனியாக இரண்டு நிமிடம் முன்பே அனுப்பச் சொல்லிக் கேட்பதே சரி என்பது என் கருத்து. கேட்டுக் கேட்டுத்தான் பல இடங்களில் தனி ஸ்டார்ட் வந்திருக்கிறது.

கடைசி ஸ்பிரிண்ட்டில் என்ன செய்வது?

எடுத்த தடத்தை மாற்றாதீர்கள். ஸ்பிரிண்ட் தொடங்கியபின் பக்கவாட்டில் ஒதுங்கி இன்னொருவரை அடைப்பது விதிமீறல், பத்துப் பேரை விழவைக்கும் காரியமும் அதுதான். கை ட்ராப்பில் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவில்) இருக்கட்டும், தலையைக் குனிந்து பெடலைப் பார்க்க வேண்டாம். எதிர்காற்றில் 150 மீட்டருக்கு முன் கிளம்பினால் கோட்டுக்கு முன்பே செத்துவிடுவீர்கள். பின்காற்றில் 250இலிருந்தே போகலாம். பத்தாவது இடத்துக்குள் வர வாய்ப்பில்லை என்றால் ஸ்பிரிண்ட்டில் கலக்க வேண்டாம், ஓரமாகக் கூட்டத்தோடு உருண்டு வாருங்கள். இருபத்திரண்டாவது இடத்துக்கும் இருபத்தைந்தாவது இடத்துக்கும் நடுவில் ஒரு தோள்பட்டையைப் பணயம் வைக்கத் தேவையில்லை. கோட்டைத் தாண்டியதும் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் இன்னும் வருகிறார்கள்.

கூட்டத்தை விட்டுவிட்டேன், ஓட்டுவதா நிறுத்துவதா?

ஓட்டுங்கள். திரும்பிப் பாருங்கள், உங்களைப் போல் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருப்பார்கள். காத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள், முறை வைத்து இழுங்கள். அந்த மூவர் ரேஸில்தான் வீல் பிடிப்பதையும் காற்றுப் பார்த்து ஒதுங்குவதையும் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியும். சாலையைத் திறக்கும் நேரம் வந்துவிட்டதாக மார்ஷல் சொன்னால் மட்டும் வாதாடாமல் ஓரம் கட்டுங்கள். கிரிட்டீரியத்தில் முதல் கூட்டம் உங்களைச் சுற்றிப் பிடித்துவிட்டால் வெளியே எடுப்பார்கள், அது அவமானமில்லை.

ரிசல்ட்டில் என் பெயர் இல்லையென்றால்?

நேரத்தைப் பதியும் சிப் காலில் கட்டுவதா, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டுவதா என்று பார்த்துச் சரியாகக் கட்டினீர்களா? உங்கள் நம்பர் தாள், கேமரா இருக்கும் பக்கத்து இடுப்பில், நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி, மடியாமல் இருந்ததா? இரண்டும் சரியென்றால் உங்கள் சைக்கிள் கம்ப்யூட்டர் பதிவோடு கமிஸரிடம் போங்கள். முறையீட்டுக்கு நேர வரம்பு உண்டு, பெரும்பாலும் ரிசல்ட் ஒட்டியதிலிருந்து அரை மணி அல்லது ஒரு மணி நேரம்தான். டிபன் வரிசையில் நிற்கும் முன்பே போய்ப் பாருங்கள். சிப்பைத் திருப்பிக் கொடுக்கவும் மறக்க வேண்டாம், கொடுக்காவிட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.